ஜீரோ பாத்துக்கோங்க சார்!

காலை ஏழே முக்கால் மணி. மேடவாக்கம் கூட்டு ரோடு பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்.

"ஜீரோ பாத்துக்கோங்க சார்!"

பார்த்தேன். ஜீரோதான். மாசக் கடைசி என்பதால் என் பர்ஸிலும் ஏறக்குறைய அதே நிலவரம்.

"எவ்வளவுக்கு சார்?"

கவனியுங்கள். "எத்தனை லிட்டர்?" என்று கேட்பதை பங்க்கில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நாமும் "இருநூறுக்குப் போடுப்பா" என்று சொல்லப் பழகிவிட்டோம். "விலை ஏறினா எனக்கென்ன, நான் எப்பவும் இருநூறுக்குத்தான் போடறேன்" என்ற அரதப்பழசான ஜோக்குக்கு ஒரு காலத்தில் சிரித்தோம். இப்போது பார்த்தால், அந்த ஜோக்கில் வரும் ஆசாமி நாம்தான்.

எனக்கு ஆபீஸ் பனகல் பார்க் பக்கம். வீடு மேடவாக்கம். முன்பு மயிலாப்பூரில், சித்திரக்குளம் பக்கத்து சந்து ஒன்றில் குடியிருந்தோம். வாடகை ஏறியது. "நாலாயிரம் ரூபாய் மிச்சம்டா!" என்று குஷியாக மேடவாக்கத்துக்குக் குடிபோனேன். அந்த நாலாயிரத்தில் எவ்வளவு உண்மையிலேயே மிச்சமானது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பெட்ரோல் கதை.

காலை ஆறு மணி சமாசாரம்

அந்த நாளில் பெட்ரோல் விலை என்றால் ஒரு திருவிழா. "இன்னிக்கு நள்ளிரவு முதல்" என்று நியூஸில் சொன்னதுதான் தாமதம், சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு ஓடுவோம். 2012 மே மாதம் ஒரே இரவில் ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியபோது, இரண்டு லிட்டரில் பதினஞ்சு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற வீரர்களில் நானும் ஒருவன்.

2017 ஜூன் 16-லிருந்து அந்தத் திருவிழாவும் போச்சு. தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறலாம் என்று வந்துவிட்டது. பத்து பைசா, இருபது பைசா என்று எறும்பு மாதிரி ஏறினால் யாருக்குத் தெரியும்? 2021 ஜூலையில் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால், சென்னையில் செஞ்சுரி!

இந்த எறும்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தேர்தல் வந்தால் தூங்கிவிடும். 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 21 வரை, உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் நடந்து முடியும் வரை, சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. நடுவில் உக்ரைன் போர் ஆரம்பித்து கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது. அப்போதும் அசையவில்லை. தேர்தல் முடிந்ததும் எழுந்தது பாருங்கள்! ஏப்ரல் 6-ம் தேதிக்குள் 110 ரூபாய் 85 காசு.

யாரைத் திட்டுவது?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் ஒரு பேரல் கச்சா எண்ணெய் 147 டாலர் வரை போனது. பேரல் என்றால் சுமார் 159 லிட்டர். அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 55 ரூபாயை ஒட்டி. 2021 ஜூலையில் அதே பேரல் சுமார் 75 டாலர்தான். பெட்ரோலோ நூறு ரூபாய்! சரக்கு பாதி விலை, பில் இரண்டு மடங்கு. எப்படி?

டாலர் 43 ரூபாயிலிருந்து 74 ஆனது ஒரு காரணம். ஆனால் ரூபாயாக மாற்றிப் பார்த்தாலும் 2008-ன் பேரல்தான் காஸ்ட்லி. மிச்ச ரகசியம் வரியில் இருக்கிறது. 2008-ல் அரசாங்கம் விலையை அமுக்கிப் பிடித்தது. எண்ணெய் கம்பெனிகளின் நஷ்டத்துக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அதாவது, அப்பா போட்ட பெட்ரோலுக்குப் பிள்ளை கட்டும் தவணை. 2020-ல் நேர் எதிர். கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கியதால் எண்ணெயை வாங்க ஆளில்லை. ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. "பேரலையும் எடுத்துக்கோ, கையில் காசும் தர்றேன்" என்கிற நிலைமை! நமக்கு விலை குறைந்ததா? மே மாதம் மத்திய அரசு லிட்டருக்குப் பத்து ரூபாய் வரியை ஏற்றி, அந்தச் சரிவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது.

மாநிலம் மட்டும் சும்மாவா? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு மூன்று ரூபாய் குறைத்தது உண்மை. அதன் பிறகும் 13 சதவிகிதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2022 மே மாதம் மத்திய அரசும் எட்டு ரூபாய் குறைத்து, சென்னையில் 102 ரூபாய் 63 காசு ஆனபோது, அதில் டெல்லிக்கு 19 ரூபாய் 90 காசு, கோட்டைக்குச் சுமார் 22 ரூபாய். ஆக, இருநூறுக்குப் போட்டால் எண்பது ரூபாய்க்கு மேல் டேங்க்குக்குள் போகவே இல்லை. கஜானாவுக்குப் போய்விட்டது.

அந்தக் காசில்தான் ரோடு, பள்ளிக்கூடம், பஸ் மானியம் எல்லாம் என்பார்கள். வாஸ்தவம்தான். வேளச்சேரி ரோட்டில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

தாத்தா பெட்ரோலே போடவில்லை

இதையெல்லாம் அப்பாவிடம் புலம்பினேன். அவர் மயிலாப்பூரையே உலகம் என்று நினைக்கும் ரகம். "டேய், 1973-ல அரபு நாடுங்க குழாயை மூடினப்போ, மூணு டாலர் எண்ணெய் ரெண்டு மூணு மாசத்துல பன்னெண்டு டாலர் ஆச்சு. வாஜ்பாய் பார்லிமென்ட்டுக்கு மாட்டு வண்டியில போனார்" என்று ஆரம்பித்தார்.

"அப்ப நீங்க என்னப்பா பண்ணீங்க?"

"நான் என்ன பண்றது? என்கிட்ட ஏது வண்டி? நடந்தேன், பஸ்ல போனேன். உங்க தாத்தாவைக் கேளு. அவர் பாரிமுனைக்கு டிராம்ல போயிட்டு வந்தவர்."

தாத்தாவைக் கேட்க முடியாது. ஆனால் டிராம் நிஜம். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895-ல் ஓடியது நம்ம மெட்ராஸில்தான். மயிலாப்பூருக்கும் வந்தது. 1953-ல் மூடிவிட்டார்கள். பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் 1931-லேயே வந்தாச்சு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, முதுகில் அடுப்பு மாட்டிக்கொண்டு கரி பஸ்கள் ஓடின. ஆக, 'பெட்ரோல் இல்லாட்டி வாழ்க்கையே இல்லை' என்பது மயிலாப்பூருக்குப் பரம்பரை வியாதி கிடையாது. நடுவில் தொற்றிக்கொண்டதுதான்.

தொற்றியது எப்படி முற்றியது? நம்மிடம் எண்ணெயே இல்லை என்று சொல்ல முடியாது. காவிரிக் கரையில் நரிமணத்தில் கிடைக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-லிருந்து ஓடுகிறது. ஆனால் நாட்டுக்குத் தேவையான நூறு லிட்டர் கச்சா எண்ணெயில் 85 லிட்டருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1990-ல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் ஏறியது. மறு வருஷம் நம் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க வேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் நகை அடகுக்குப் போனால் எப்படியோ, அப்படி.

என் வீட்டுக் கணக்கு

இப்போது அந்த நாலாயிரம் ரூபாய். மேடவாக்கத்திலிருந்து பனகல் பார்க் 18 கிலோமீட்டர். போக வர 36. மாசம் 25 நாளைக்கு 900. லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டி என்றால் 20 லிட்டர். நூறு ரூபாய் என்றே வையுங்கள், இரண்டாயிரம். மயிலாப்பூரிலிருந்து என்றால் ஐந்து லிட்டர், ஐந்நூறு ரூபாய்.

பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் எனக்கு மாசம் இருபது ரூபாய் நஷ்டம். அதற்கு ஆபீஸ் கேன்டீனில் அரை மணி நேரம் கத்துகிறேன். 13 கிலோமீட்டர் தள்ளிக் குடிபோனதில் மாசம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எக்ஸ்ட்ரா. அதற்கு யாரும் மறியல் பண்ணவில்லை, நான் உள்பட! போதாததற்கு கால் மணியில் முடிந்த பயணம் ஒரு மணி நேரமாச்சு. மாசத்துக்கு 37 மணி நேரத்துக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் போகிறது. குழந்தை தூங்கும்போது கிளம்பி, தூங்கின பிறகு வருகிறேன். அதற்கு எந்த பங்க்கிலும் மீட்டர் இல்லை.

என்னைப் போல மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை என்று தள்ளித் தள்ளிக் குடியேறியவர்கள் எத்தனை பேர்! பெட்ரோல் விலையைப் பங்க் போர்டில் மட்டும் பார்க்கிறோம். அது வாடகை அக்ரிமென்ட்டிலும் எழுதியிருக்கிறது. நாம்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

பேட்டரி வந்தால் விமோசனமா?

"பேசாம எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி. நல்ல யோசனைதான். அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-ல் ஆரம்பித்த ஏத்தர் ஓசூரில் வண்டி தயாரிக்கிறது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்த அதே ஓசூர். 900 கிலோமீட்டருக்கு 30, 35 யூனிட் கரன்ட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் முந்நூறுக்குள் முடிந்துவிடும்.

அதை எங்கே சொருகுவது? நான் மூன்றாவது மாடி. கீழே பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் கேட்டேன். பிளாட் செகரெட்டரி, நான் ஏதோ அவர் கிட்னியைக் கேட்ட மாதிரி பார்த்தார். "ஜெனரல் பாடியில வைப்போம் சார்" என்றார். ஜெனரல் பாடி எப்போது என்று கேட்டேன். "அதையும் ஜெனரல் பாடியிலதான் முடிவு பண்ணணும்."

இன்னொன்று. பேட்டரிக்குள் இருக்கும் செல்லும் பெரும்பாலும் இறக்குமதிதான், முக்கியமாகச் சீனா. நேற்று வளைகுடாவைப் பார்த்தோம், நாளை கிழக்கே பார்ப்போம். வித்தியாசம், பேட்டரி வாங்கினால் சில வருஷம் உழைக்கும். பெட்ரோல் வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

தனி மனிதன் ஸ்கூட்டர் மாற்றுவதைவிட ஊரே பஸ்ஸையும் ரயிலையும் மாற்றினால்தான் கணக்கு நேராகும். 2025 ஜூன் கடைசியில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்சாரப் பேருந்துகளை இறக்கியது. மெட்ரோவுக்காக மயிலாப்பூரையும் தி.நகரையும் வருஷக்கணக்கில் தோண்டினார்கள். தாத்தா டிராமில் போன ஊருக்குள் மறுபடி மின்சாரம் சுற்றி வளைத்து வருகிறது. இந்தத் தடவை பூமிக்கு அடியில்.

அதுவரை நான்? போன மாசம் ஒரு ஐடியா பண்ணினேன். பரங்கிமலை ஸ்டேஷன் வரை வண்டி. பாதி தூரம்தான். அங்கே நிறுத்திவிட்டு, அந்த 1931 பாதையிலேயே மாம்பலம். சீசன் டிக்கெட் இரண்டு லிட்டர் பெட்ரோல் காசுக்குள் அடங்குகிறது. ரங்கநாதன் தெருவில் நடக்கவே வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டுபோய் உஸ்மான் ரோட்டில் விட்டுவிடும். நேரம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் 20 லிட்டர் பத்தாகிவிட்டது.

நேற்று அதே பங்க். பையன் அடையாளம் கண்டுகொண்டான்.

"என்ன சார், ஆளையே காணோம்? வண்டியை வித்துட்டீங்களா?"

"இல்லப்பா. பாதி வித்துட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்றான்.