வாக்கிய மாற்றப் பயிற்சியும் பொருள் காப்பும்

1. முன்னுரை

ஒரு வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறோர் அமைப்பில் கூறுவது வாக்கிய மாற்றம் எனப்படும். இடைநிலை ஆங்கில மாணவர்க்குரிய பயிற்சி நூல்களில் இது பெரும்பாலும் வாய்பாடாகவே அமைகிறது. வாய்பாட்டை மட்டும் பின்பற்றும் மாணவர் வடிவத்தை மாற்றுகையில் பொருளையும் மாற்றிவிடுவதுண்டு. இதற்குத் தாய்மொழி அமைப்பு எவ்வாறு காரணமாகிறது என்பதை, கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதி வாழ்க்கையையொட்டிய தொடர்கள் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

2. மொழிச்சூழல்

தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880களில் சுரங்கப் பணியைப் பெருக்கியபின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். இதனால் கர்நாடகத்தில் உள்ள இவ்வூரில் பலருக்குத் தமிழ் வீட்டு மொழியாயிற்று. கன்னடம் மாநில ஆட்சிமொழி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. இன்று பலர் நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு ஆங்கிலம் பிழைப்போடு பிணைந்த மொழியாகும்.

3. எதிர்மறை நிபந்தனை

‘மணி அடிக்காவிட்டால் கூண்டை இயக்காதே’ என்பதை ‘இஃப் தி பெல் டஸ் நாட் ரிங், டூ நாட் மூவ் தி கேஜ்’ எனலாம். இதனை ‘அன்லெஸ்’ கொண்டு மாற்றுக என்றால், ‘டூ நாட் மூவ் தி கேஜ் அன்லெஸ் தி பெல் டஸ் நாட் ரிங்’ என எழுதுவோர் உளர். மணி அடிக்காதபோது மட்டுமே இயக்குக என்று இதன் பொருள் தலைகீழாகிறது. தமிழில் எதிர்மறை ‘அடிக்கா-’ என வினையிலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலோ ‘அன்லெஸ்’ என்னும் இணைப்புச் சொல்லே எதிர்மறையை ஏற்றுள்ளது. எனவே ‘அன்லெஸ் தி பெல் ரிங்ஸ்’ என்பதே சரி. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டைப் பற்றிய அறிவிப்பில் இப்பிழை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

4. காலம்

‘பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறார்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தை ஆள்கிறது. ஆங்கிலம் ‘ஹேஸ் வொர்க்ட் ஃபார் டென் இயர்ஸ்’ என்கிறது. இதனை ‘ஹீ ஸ்டார்ட்டட் வொர்க் டென் இயர்ஸ் அகோ’ என மாற்றுவது வழக்கம். ஆனால் இரண்டாவது வாக்கியம் அவர் இன்றும் பணியில் உள்ளாரா என்பதைக் கூறவில்லை. வேலைக்கான நேர்காணலில் இவ்வேறுபாடு சிறிதன்று.

5. எழுவாயும் அழுத்தமும்

‘சுரங்கத்தை மூடிவிட்டார்கள்’ எனத் தமிழ் எழுவாயைச் சுட்டாமலே கூறும். அதற்கு ‘தி மைன் வாஸ் க்ளோஸ்ட்’ என்னும் செயப்பாட்டு வினை பெரும்பாலும் நேரானது. ‘தே க்ளோஸ்ட் தி மைன்’ என்றால் ‘தே’ யாரைக் குறிக்கிறது என்னும் வினா எழும். ‘2001இல்தான் மூடினார்கள்’ என்பதன் ‘தான்’ தரும் அழுத்தத்தைப் பெற ‘இட் வாஸ் இன் 2001 தட்’ என்னும் அமைப்பு தேவைப்படுகிறது.

6. முடிவுரை

ஆகவே மாற்றிய வாக்கியத்தை மாணவர் மீண்டும் தமிழாக்கி, செய்தவர், காலம், எதிர்மறை, அழுத்தம் ஆகிய நான்கும் நிலைத்துள்ளனவா என ஒப்பிடுவது பயிற்சியின் இன்றியமையாப் பகுதியாதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கும் இதுவே உரைகல் எனலாம்.