பனியில் புதையும் நீர்வாயில்

வீடு தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டப் புறப்படுவதை நம்மவர் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஆனால், கிணறு முன்னரே வெட்டப்பட்டிருந்தும், வேண்டிய வேளையில் அது கண்ணுக்குப் புலப்படாமற் போனால் என் செய்வது? பனி பெய்யும் நாடுகளின் நகரங்களில் ஆண்டுதோறும் இந்த இடர் எழுகின்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அந்நகரின் தெருவோரங்களில் இரண்டு மூன்று அடி உயரமுள்ள இரும்புக் குழாய்கள் நாட்டப்பெற்றிருக்கின்றன. ஹைட்ரண்ட் எனப்படும் இவற்றைத் தீயணைப்பு நீர்க்குழாய் என்று நாம் வழங்கலாம். கடுங்குளிரில் இவற்றினுள் நீர் உறைந்துவிடாதா என்று நேயர்கள் ஐயுறலாம். நீரைத் தடுக்கும் அடைப்பு தரைமட்டத்தில் இல்லை. குளிர் எட்டாத ஆழத்தில் இருக்கின்றது. வேலை முடிந்து அதனை மூடியதும், மேலே எஞ்சிய நீர் கீழே வடிந்துவிடும். ஆகவே, குழாய் வறண்டே நிற்கும்.

இங்ஙனம் குளிரை வென்ற குழாயைப் பனிக்குவியல் வென்றுவிடுகின்றது. வானிலிருந்து விழும் பனி போதாதென்று, சாலையைத் துப்புரவாக்கும் வண்டிகளும் பனியை ஓரத்திற்கே தள்ளுகின்றன. 2014-15 குளிர்காலத்தில் பாஸ்டனில் பெய்த பனி ஏறத்தாழ 110 அங்குலம்!

குழாயைத் தேடுவதில் சில நிமிடங்கள் கழிந்தால் என்ன குறைந்துவிடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். அந்நாட்டுத் தீயணைப்பு வண்டிகள் பல, தம்முடன் சுமார் 500 காலன் நீர் கொண்டுவருகின்றன. நிமிடத்திற்கு 150 காலன் வீதம் பாய்ச்சினால், மூன்றரை நிமிடத்திற்குள் தொட்டி காலியாகிவிடும். அதற்குள் தெருக்குழாயுடன் இணைப்பு ஏற்பட்டாக வேண்டும். எரியும் வீட்டினுள் ஆளைத் தேடிச் சென்ற வீரனுக்குக் கையிலுள்ள நீரே காவல். வெளியே தோழர்கள் பனியைக் கிளறும் ஒவ்வொரு நிமிடமும் அக்காவல் குன்றுகின்றது.

பாஸ்டனில் இத்தகைய குழாய்கள் 13,000க்கு மேல் உள்ளன. அனைத்தையும் ஒரே நாளில் தோண்டியெடுக்க எந்த நகராட்சிக்கும் இயலாது. ஆனால், பெரும்பாலான குழாய்களுக்கு அருகில் மக்கள் வாழ்கின்றனர் அல்லவா? இந்த எளிய உண்மையிலிருந்து பிறந்ததே, 2012ஆம் ஆண்டையொட்டி அங்குத் தோன்றிய தத்தெடுப்புத் திட்டம். இணையத்திலுள்ள நகரப்படத்தைப் பார்த்து, வீட்டருகேயுள்ள குழாயைக் குடிமக்கள் தத்தெடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்குப் பெயரும் சூட்ட முடிந்தது. தத்தெடுத்தவர் பேணத் தவறினால், அயலார் அதனைக் கவர்ந்துகொள்ளலாம் என்ற வேடிக்கை விதியும் வகுத்தனர். பனியே அறியாத ஹொனலூலு நகரமும் ஆழிப்பேரலை எச்சரிக்கைச் சங்குகளைப் பேணுவதற்கு இம்முறையை மேற்கொண்டது.

தொண்டர் செய்ய வேண்டிய பணி மிகச் சிறியது. குழாயைச் சுற்றிலும் மூன்று அடிக்குப் பனியை அகற்ற வேண்டும். அங்கிருந்து சாலை வரை வழி அமைக்க வேண்டும். பனி மீண்டும் மூடினாலும் இடம் புலப்படுமாறு, சில ஊர்களில் குழாயின்மீது நெடிய கோலும் கொடியும் பொருத்தப்பெறுகின்றன. குழாயைத் திறந்து பார்ப்பது மட்டும் தொண்டர் வேலையன்று. அது பயிற்சி பெற்றோருக்கு உரியது.

நீர் இருந்தால் மட்டும் போதாது. எட்டும்படி இருக்க வேண்டும். குழாயை நாட்டுவது அரசின் கடமை. அதனைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்க, அடுத்த வீட்டாரின் பத்து நிமிட உழைப்பே போதும். அவ்வுழைப்பு, என்றோ ஒரு நள்ளிரவில், முகமறியாத ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.