பவுசருக்குள் மூன்று பேர்

கஸ்ஸான் கனபானியின் ‘ரிஜாலுன் பிஷ்ஷம்ஸ்’ 1963இல் வெளிவந்தது. ‘வெயிலில் மனிதர்கள்’ என்று பொருள் கொள்ளலாம். ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய சின்ன நாவல்தான். ஆனால் 1948ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் வாசித்தால், வேலை தேடிப் போன மூன்று பேர் வழியில் மௌத்தாகிப் போன கதையாகச் சுருங்கிவிடும்.

1948 மே மாதத்தில் பிரித்தானியா பலஸ்தீனை விட்டு வெளியேற, இஸ்ரேல் பிரகடனப்படுத்தப்பட்டது. அந்தப் போரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் ஊரிழந்தார்கள். அறபிகள் இதை நக்பா என்கிறார்கள். அக்கா நகரில் பிறந்த கனபானிக்கு அப்போது வயது 12. மறுபக்கத்தில், 1946இலேயே குவைத் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டது. நிலத்தைப் பறிகொடுத்தவன் ஒரு புறம், ஆள் தேடுகிற எண்ணெய்ப் பணம் மறுபுறம். இடையில் கிடக்கிற பாலைவனந்தான் நாவலின் களம். கனபானியும் 1956இல் குவைத்துக்குப் படிப்பிக்கப் போனவர்தான்.

அபூ கைஸ், அஸ்அத், மர்வான் மூவரும் பஸ்ராவிலிருந்து களவாக எல்லை கடக்கப் பார்க்கிறார்கள். அபூ கைஸ் ஒலிவ மரங்களை இழந்த விவசாயி. பத்து வருடம் சும்மா காத்திருந்த பிறகே, போனது திரும்பாது என்று அவருக்கு விளங்குகிறது. அவருடைய கிராமத்துக்கு வந்த உஸ்தாத் ஸலீமை மறக்க ஏலாது. தொழுவிக்கத் தெரியாது, ஆனால் துவக்குச் சுடத் தெரியும் என்று ஊராரிடம் நேரே சொன்ன மனிசன். ஊர் விழுவதற்கு முந்திய இரவு அவர் மௌத்தாகிறார். அதை அபூ கைஸ் பாக்கியம் என்றே நினைக்கிறார்.

என்னைக் கேட்டால், நாவலில் மிகவும் உறைப்பது மர்வானின் வாப்பா செய்கிற காரியம். பெண்சாதியைத் தலாக் சொல்லிவிட்டு, யாபா நகரில் குண்டு விழுந்து ஒரு காலை இழந்த ஷபீகாவை முடிக்கிறார். காரணம், அவளுக்குக் கொங்கிரீட் கூரை போட்ட வீடு இருக்கிறது! அகதி முகாமின் மண்வீட்டிலிருந்து தப்ப வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. சரித்திரப் புத்தகம் இலட்சக்கணக்கு சொல்லும். ஒரு கூரையின் விலை என்ன என்று சொல்லாது.

அவர்களை ஏற்றிப்போகும் சாரதி அபுல் கைஸுரான், 1948 போரில் காயப்பட்டு ஆண்மையை இழந்தவன். இனிக் காசு மட்டும் போதும் அவனுக்கு. அன்றைய அறபுத் தலைமையின் உருவகம் இவன் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அப்படிக் கச்சிதமாகப் பொருத்துவதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. அவனும் நக்பாவில் அடிபட்டவன்தானே.

வெறும் தண்ணீர் பவுசருக்குள் மூவரும் ஒளிகிறார்கள். ஸப்வான் சாவடியில் தப்பிவிடுகிறார்கள். முத்லாவில், கந்தோரிலுள்ள உத்தியோகத்தர் பஸ்ரா நடனக்காரியைப் பற்றிச் சாரதியைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார். கடதாசியில் கையெழுத்து விழுவதாயில்லை. அவன் ஓடிவந்து மூடியைத் திறக்கையில் உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. மையித்துகளைக் குப்பைமேட்டருகே போட்டுவிட்டுக் காசையும் மர்வானின் மணிக்கூட்டையும் எடுத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான், ஏன் தட்டவில்லை என்று கேட்டுக் கதறுகிறான்.

பதினைந்து வருடம் முகாம்களில் அடங்கிக் கிடந்த தன் சனத்திடமே கனபானி கேட்ட கேள்வி இது. பலஸ்தீன விடுதலை இயக்கம் உருவானது அடுத்த வருடம், 1964இல். இதைப் படமாக்கிய எகிப்திய இயக்குநர் தௌபீக் ஸாலிஹ் முடிவை மாற்றினார். 1972இல் வந்த அந்தப் படத்தில் மூவரும் தட்டுகிறார்கள், வெளியில் யாருக்கும் கேட்கவில்லை. அதே வருடம் ஜூலை 8ஆம் திகதி, பெய்ரூத்தில் காரில் வைத்த குண்டு வெடித்து கனபானி கொல்லப்பட்டார். வயது 36.