ஸ்பானியல் வளர்க்கிறீர்களா? சீப்பை எடுங்கள்!

"டாக்டர், மனுஷாளுக்கு மட்டும்தான் பார்ப்பேளா?"

மயிலாப்பூரில் என் கிளினிக்குக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வருகிற மாமி ஒருவர், போன மழைக்காலத்தில் இப்படிக் கேட்டார். கையில் தேன் நிறத்தில் ஒரு காக்கர் ஸ்பானியல். பிள்ளை அமெரிக்கா போகும்போது விட்டுவிட்டுப் போன நாய். காது இரண்டும் வாழைப்பூ மடல் மாதிரி தொங்குகிறது. தலையை ஓயாமல் உதறுகிறது.

"ஒரு வாரமா சொறிஞ்சுண்டே இருக்கு. வேப்பெண்ணெயில ஏதாவது காய்ச்சித் தாங்களேன்!"

நான் தரவில்லை. காரணம், பல வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தப்பு.

அப்போது அடையாறில் எங்கள் எதிர்வீட்டிலும் ஒரு ஸ்பானியல் இருந்தது. உண்ணித் தொல்லை தாங்கவில்லை என்றார்கள். 'மேலுக்குத்தானே, என்ன செய்துவிடும்' என்று நினைத்து, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நானே கொடுத்தேன். அவர்கள் தாராளமாகத் தடவினார்கள். நாய் ராத்திரி முழுக்க அதை நக்கியிருக்கிறது. விடியற்காலையில் வாந்தி, நடுக்கம், அப்புறம் வலிப்பு! கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தை வெகுநாள் என்னோடு பேசவே இல்லை.

நாய்க்குப் புற மருந்தே கிடையாது

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று பிரித்துச் சொல்வோம். இந்தக் கணக்கு மனிதனுக்குத்தான் பொருந்தும். நாய் தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பிராணி. நீங்கள் மேலே பூசுவதெல்லாம் கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். கற்பூரம், நீலகிரித் தைலம், டீ ட்ரீ ஆயில் மூன்றும் நாய்க்கு விஷம். வேப்பெண்ணெயையும் நக்க விடக்கூடாது. பற்பம், செந்தூரம் எல்லாம் மனித உடம்புக்கு அளவு சொன்னவை. அவற்றை நாய்க்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1984-ஆம் வருட இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? பராமரிப்பு இருக்கிறது. பாதி நோயை அதுவே வாசலில் நிறுத்திவிடும்.

குளிர் நாட்டு முடி

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாமே குட்டை முடி நாய்கள். நம் வெயிலுக்கு ஏற்ற உடம்பு. காக்கர் ஸ்பானியல் அப்படியல்ல. இங்கிலாந்தின் புதர்க்காடுகளில் 'உட்காக்' என்ற பறவையை விரட்டி எழுப்ப வளர்த்த இனம். பெயரே அந்தப் பறவையிலிருந்துதான் வந்தது. காது, மார்பு, வயிறு, கால் பின்புறம் என்று குஞ்சம் குஞ்சமாக முடி. சென்னையின் வேர்க்காட்டில் இந்த முடிக்குள் ஈரம் தங்கினால், தோல் புழுங்கிப் புண்ணாகும். அதற்காக மொட்டை அடித்துவிடாதீர்கள்! வெயில் நேராகத் தோலில் சுடும். வயிற்றடி, பாத இடுக்கு, காதின் உட்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் முடியைக் குட்டையாக வெட்டினால் போதும்.

முதலில் சீப்பு, பிறகு தண்ணீர்

தினமும் பத்து நிமிடம் சீவுங்கள். உலோகப் பல் சீப்பு நல்லது. நுனியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேர் நோக்கிப் போங்கள். நீளத் தலைமுடிக்கு அம்மா சிக்கெடுப்பாளே, அதே முறைதான். சிக்கு விழுகிற இடங்கள்: காதுக்குப் பின்னால், கக்கம், தொடையிடுக்கு, கால்விரல் நடுவே. சிக்கோடு குளிப்பாட்டினால் முடி நனைந்து இறுகி, சடையாகிவிடும். அதனால் எப்போதும் சீவிய பிறகே குளியல்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நாம் போடுகிற ஷாம்பு வேண்டாம். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நாய்க்கென்றே விற்கிற மென்மையான ஷாம்புதான் சரி. சீயக்காயும் வேண்டாம், கண்ணெல்லாம் எரியும். வீட்டில் போர்வெல் உப்புத் தண்ணீர்தான் என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் மெட்ரோ தண்ணீர் எடுத்து வையுங்கள். ஷாம்பு தங்காமல் போகும். துவட்டியதும் அடி முடிவரை உலர வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனால், வந்தவுடன் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

காதை முகர்ந்து பாருங்கள்

தொங்கும் காதுக்குள் காற்று போகாது. இருட்டு, சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் ஈஸ்ட் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம்! வாரம் ஒருமுறை காதைத் தூக்கி உள்ளே பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடை, பழுப்பு அழுக்கு, சிவப்பு, வலி இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றவே கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் ஆபத்து. பட்ஸ் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். மாமியின் நாய்க்கும் இதுதான் பிரச்சினை.

உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள்

நீள முடிக்குள் உண்ணி ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கடுகு, மிளகு மாதிரி தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டவே வேண்டாம். உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயோடு வீட்டையும் சுத்தம் செய்ய வேண்டும். வேப்பிலைத் தண்ணீரில் கழுவினால் உண்ணி ஒழியும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரை, சொட்டு மருந்து இருக்கிறது. வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நாய்க்குப் போடுகிற பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

உண்ணிக்கடியால் எர்லிக்கியா, பேபீசியா என்ற ரத்த நோய்கள் வரும். காய்ச்சல், சோறு வேண்டாம் என்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர் — இவற்றில் எது தெரிந்தாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தி.நகர், அடையாறு பக்கம் தனியார் கால்நடை மருத்துவர்களும் உண்டு.

பளபளப்பு தட்டில் இருக்கிறது

முடி என்பது புரதம். தயிர் சாதம் மட்டும் போட்டால் முடி வறண்டு கொட்டும். சைவ வீடானாலும் மருத்துவரைக் கேட்டு, புரதம் குறையாத நாய் உணவைக் கொடுங்கள். முட்டை சாப்பிடுகிற வீட்டில் வேகவைத்துக் கொடுங்கள். தினமும் பச்சை வெள்ளைக்கரு கொடுத்தால் பயோட்டின் சத்து உடம்பில் சேராது. முள் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்த மத்தி மீன் முடிக்கு நல்லது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. எல்லாம் கொடுத்தும் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டினால், தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும்.

போன மாதம் மாமி மறுபடி வந்தார். நாயின் காது ஆறிவிட்டது. தினமும் சாயந்திரம் விளக்கேற்றிய பிறகு சீவி விடுகிறாராம். அப்படிச் சீவும்போதுதான் வயிற்றடியில் ஒரு சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. உடனே மருத்துவரிடம் காட்டி, சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

"இத்தனை முடிக்குள்ள கண்ணால பாத்திருந்தா தெரிஞ்சிருக்கவே தெரியாது டாக்டர்" என்றார்.

உண்மைதான். அழகுக்காக மட்டும் சீவச் சொல்லவில்லை. இன்றைக்கே ஆரம்பியுங்கள்!