பழைய பைபர் படகு வாங்கும் முன்

கடலோர ஊர்களில் மளிகை, ஐஸ் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் சிலர் பழைய பைபர் படகில் முதல் போடுகிறார்கள். புதுப் பெயின்ட்டைப் பார்த்து விலை பேச வேண்டாம். படகைக் கரையேற்றி, உடல் முழுதும் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாகக் கேட்கும் இடத்தில் பைபர் அடுக்குப் பிரிந்திருக்கலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான் கோளாறு அதிகம். போல்ட் துளை வழியே நீர் இறங்கி உள்மரம் உளுத்துவிடும்; பைபர் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. எஞ்சினை அசைத்தால் பலகையும் சேர்ந்து அசைகிறதா, வேறு படகு பாருங்கள். எஞ்சினை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பது விற்பவரின் பழைய தந்திரம். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டப்படி படகுக்குப் பதிவு கட்டாயம். சான்றிலுள்ள எண்ணும் படகிலுள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி உண்டா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.