கம்பெனி அணிகள் ஊர் அணிகளான கதை!

ஒரே விளையாட்டுக்கு ஒரு நாட்டில் இரண்டு லீக் இருந்தால் என்ன ஆகும்? ஜப்பானில் அது தடையில் போய் முடிந்தது. 2014 நவம்பரில் சர்வதேச கூடைப்பந்து கூட்டமைப்பு, ஜப்பான் கூடைப்பந்து சங்கத்தை சஸ்பெண்ட் செய்தது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியாத நிலை. டோக்கியோ ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பை அந்த நாடு பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது!

பிரச்னையின் வேர் பழையது. ஜப்பானில் பெரிய கூடைப்பந்து அணிகளைப் பல காலமாக கம்பெனிகளே நடத்திவந்தன. அவற்றின் வீரர்களில் பலர் அந்தந்த கம்பெனியின் ஊழியர்கள். 'இது முழுநேரத் தொழிலாக வேண்டும்' என்று சில அணிகள் பிரிந்துபோய், 2005-ல் தனி லீக்கைத் தொடங்கின. அதன் பிறகு இரண்டு தரப்பும் ஒன்றுசேரவே இல்லை.

ஃபுட்பாலிலிருந்து வந்தவர்!

பஞ்சாயத்து செய்ய வந்தவர் சபுரோ கவபுச்சி. ஜப்பானின் ஃபுட்பால் லீக்கான ஜே.லீக்கின் முதல் தலைவர். 2015 ஜனவரியில் பொறுப்பேற்றபோது அவருக்கு 78 வயது. அவர் சொன்னவை எளிமையான விஷயங்கள்தான். இனி ஒரே லீக். அணியின் பெயரில் ஊர் பெயர் இருக்க வேண்டும். முதல் டிவிஷனுக்கு வர வேண்டுமானால் 5,000 பேர் அமரும் அரங்கம் வேண்டும்.

பல அணிகள் ஆடிக்கொண்டிருந்ததோ நகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களில். 5,000 இருக்கைகளுக்கு எங்கே போவது என்று எதிர்ப்பு கிளம்பியது. அவர் அசையவில்லை. 2015 ஆகஸ்ட்டில் தடை முழுமையாக நீங்கியது. 2016 செப்டம்பர் 22 அன்று டோக்கியோவின் யோயோகி அரங்கில், தரை முழுக்க எல்.இ.டி திரை ஒளிர, 'பி.லீக்' பிறந்தது. முதல் ஆட்டத்தில் ஆல்வார்க் டோக்கியோ, ஒகினாவாவின் ரியூக்யூ கோல்டன் கிங்ஸை 80-75 என்று வென்றது. முந்தைய சீசன் வரை 'டொயோட்டா' என்ற பெயரோடு ஆடிய அணிதான் இந்த ஆல்வார்க்!

ஏணியும் உண்டு, பாம்பும் உண்டு

நம் ஐ.பி.எல்-லில் கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த ஆண்டு அதே அணி ஆடும். பி.லீக் அப்படித் தொடங்கவில்லை. பி1, பி2, பி3 என மூன்று படிகள். முதல் சீசனில் மொத்தம் 45 கிளப்புகள். மேல்படியில் கடைசியில் வருபவர்கள் கீழே இறங்குவார்கள். கீழ்ப்படியில் ஜெயிப்பவர்கள் மேலே ஏறுவார்கள். பி1 அணி ஒரு சீசனில் 60 ஆட்டங்கள் ஆடும். பெரும்பாலும் சனி, ஞாயிறு இரு நாளும் அதே எதிரணி, அதே அரங்கம். முதல் எட்டு அணிகள் பிளே-ஆஃப் செல்லும்.

களத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஆண்டும் கிளப்பின் கணக்கு வழக்கைப் பார்த்துத்தான் லைசென்ஸ் தருவார்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு நஷ்டம் என்றால் சிக்கல்தான். வெளிநாட்டு வீரர்களுக்கும் வரம்பு உண்டு. 2020-ல் ஆசிய வீரர்களுக்கெனத் தனி இடம் ஒதுக்கியதும் பிலிப்பைன்ஸ் வீரர்கள் வரத் தொடங்கினார்கள்.

பலன் என்ன? 2023 உலகக்கோப்பையின் ஜப்பான் ஆட்டங்கள், கோல்டன் கிங்ஸின் சொந்த மைதானமான ஒகினாவா அரங்கில் நடந்தன. அங்கே பின்லாந்தை 98-88 என்று ஜப்பான் வீழ்த்தியது. 25 புள்ளிகள் எடுத்த யூகி கவமுரா, யோகோஹாமா கிளப்பில் ஆடியவர். உயரம் வெறும் 172 செ.மீ! அந்தத் தொடரின் முடிவில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதிபெற்றது. 1976-க்குப் பிறகு ஆண்கள் அணி சொந்த பலத்தில் ஒலிம்பிக் சென்றது அப்போதுதான்.

இனி ஏணி இல்லை

இப்போது லீக் மறுபடியும் மாறுகிறது. 2026-27 சீசனிலிருந்து உச்சத்தில் 'பி.பிரீமியர்'. வெற்றி தோல்வியை வைத்து ஏறுவதும் இறங்குவதும் கிடையாது. ஆண்டுக்கு 120 கோடி யென் வருமானம், சராசரியாக 4,000 ரசிகர்கள், தரமான அரங்கம் ஆகியவை இருந்தால்தான் இடம். வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு 80 கோடி யென் உச்சவரம்பு. புதியவர்களைத் தேர்வு செய்ய டிராஃப்ட் முறை.

நிர்வாகம் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. கீழே இறங்கிவிடுவோமோ என்ற பயம் இருந்தால், கிளப்புகள் வீரர்களுக்கே பணத்தைக் கொட்டும். அரங்கத்துக்கும் இளைஞர் பயிற்சிக்கும் மிஞ்சாது. ஆனால், பெரிய தொழிற்சாலையோ பெரிய அரங்கமோ இல்லாத ஊரின் ரசிகர் என்ன நினைப்பார்? நேற்று வரை தன் அணி கோப்பையை ஜெயித்தால் மேலே போகும் என்று நம்பினார். இனி வரவு செலவுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பெனிகளிடமிருந்து ஊர்களுக்கு வந்த விளையாட்டில், எல்லா ஊர்களுக்கும் இடம் இருக்குமா என்பது இனிவரும் சீசன்களில் தெரியும்.