ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டதா?



ராஜபாளையத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், படுக்கையில் இருக்கும் தாயாருக்காக வாங்கிய ஏசிக்கு ஒரே கோடையில் மூன்று முறை கேஸ் ஏற்றியது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் சொன்னது, "கேஸ் தீர்ந்துபோச்சு."

ஏசி கேஸ் சமையல் கேஸைப் போல எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவரும். அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

முதலில் பில்டரைக் கழுவிப் பாருங்கள். தூசி அடைத்தாலும் குளிர்ச்சி குறையும். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால், கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்து, வேக்கம் போட்ட பின்பே, ஏசி லேபிளில் குறித்துள்ள அதே கேஸை (ஆர்-32, ஆர்-410ஏ போன்றவை) அதே எடைக்கு ஏற்ற வேண்டும். ரசீது அவசியம் வாங்குங்கள்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

எல்லா மெக்கானிக்கையும் சந்தேகிக்க வேண்டாம். கசிவைக் காட்டி வேலை செய்பவருக்குப் பேரம் பேசாமல் உடனே கூலி கொடுங்கள். அமானிதம் இரு தரப்புக்கும் உரியது.